பதின்மூன்று எண்கள்

வெண்ட்ஸ்பில்ஸ் துறைமுகம், ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை இறுகிக் கிடக்கிறது.
எனக்கு வந்த உத்தரவு ஒரே வரி:
உரியவர் இல்லாத கோப்புகளை நீக்கவும்.

பெர்லில் எழுதுகிறேன்.
பழைய சர்வர், பழைய மொழி,
இரண்டுக்கும் ஒத்துப்போகிறது.
பெயரைச் சொல்லி ஸ்டாட் என்று கேட்டால்
பதின்மூன்று எண்களைக் கொட்டும்,
அவசரத்தில் கடைக்காரர்
சில்லறையை உள்ளங்கையில் திணிப்பதுபோல.
எது எதுவென்று பிரித்துக்கொள்வது நம் பாடு.

சுழியத்திலிருந்து எண்ண வேண்டும்.
ஏழில் எடை.
எட்டில் கடைசியாகப் படித்த நேரம்,
ஒன்பதில் கடைசியாக எழுதிய நேரம்,
எல்லாம் நொடிக்கணக்கில்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதிலிருந்து
மூச்சுவிடாமல் எண்ணிவரும் நொடிகள்.
பத்தைப் பிறந்த நேரம் என்று நம்பி
ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.
அது உறையின்மேல் யாரோ கைவைத்த நேரம்.
பிறந்த நேரம் பட்டியலிலேயே கிடையாது.
ஜாதகம் கணிக்க வழியில்லை.

எனக்கு இதில் பிடித்தது,
ஸ்டாட் கோப்பைத் திறப்பதில்லை.
பிறர் கடிதத்தைப் பிரிக்காமல்
முத்திரையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மேசையில் திரும்ப வைத்துவிடும் நாகரிகம்.

அறுநூற்றுப் பதினொரு கோப்புகள்.
எல்லாவற்றுக்கும் நாலாவது இடத்தில் ஒரே எண்: 1043.
1043 யார் என்று கணினியிடம் கேட்டேன்.
வெறும் பதில் வந்தது.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் யாரென்று.
டாலிவால்டிஸ்.
பனிக்கட்டி அறிக்கை எழுதியவர்,
என் குவளையில் காப்பி குடித்துவிட்டு
கழுவாமல் வைப்பவர்.
இறந்து ஆறு வருடம்.
கணக்கை மூடியதும் நான்தான்,
ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

ஸ்கிரிப்ட் ஓடியது.
2009, 2011, 2008,
எழுதியதும் படித்ததும் ஒரே காலத்தில் நின்றுபோனவை.
நடுவில் ஒன்று:
எடை இருநூற்றுப் பன்னிரண்டு பைட்.
எழுதியது 2009 நவம்பர்.
படித்தது
போன செவ்வாய், அதிகாலை இரண்டு நாற்பது.

மறுபடி ஓட்டினேன்.
அதே இரண்டு நாற்பது.
பேக்கப் பதினொரு மணிக்கே முடிந்துவிடும்.
அனுமதி எண்ணில் 'மற்றவர் படிக்கலாம்' இருந்தது.
ஆனால் எந்த மற்றவர்?
பதின்மூன்றில் ஒன்றுகூட அதைச் சொல்லாது.

மூன்றாம் மாடி, இரவுக் கண்காணிப்பு அறை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் விஸ்மா.
கேட்டேன்.
"அதுவா?" என்றாள். "ஹீட்டர்."
கேட்காமலே திறந்து காட்டினாள்:

நின்றுபோனால் பிளக்கைப் பிடுங்காதே.
இடப்பக்கம், திருகாணிக்குக் கீழே,
முழங்காலால் இரண்டு இடி.
மூன்றாவது வேண்டாம், கோபித்துக்கொள்ளும்.
நாற்பது எண்ணு.

"மனப்பாடமாகத் தெரியும்," என்றாள்.
"ஆனாலும் குளிரில் எந்தப் பக்கம் என்று
சந்தேகம் வந்துவிடுகிறது."
அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
அவளுக்குச் சொன்னாராம்.
டாலிவால்டிஸை அவள் பார்த்ததில்லை.
இடித்தாள். நாற்பது எண்ணினோம்.
முப்பத்தாறிலேயே கம்பி சிவந்தது.

கீழே வந்து
அந்த ஒரு கோப்பை விஸ்மா பெயருக்கு மாற்றினேன்.
என்டர் தட்டுமுன் விரல் கொஞ்சம் நின்றது;
இதிலிருந்தும் 1043 போகிறது.
தட்டினேன்.
எட்டு நகர்ந்திருந்தது, சற்றுமுன் அவள் திறந்ததால்.
பத்து நகர்ந்தது, என் கைபட்டதால்.
ஒன்பது அப்படியே, 2009 நவம்பர்.

மீதி அறுநூற்றுப் பத்து.
நீக்கும் வரியின் தலையில் ஒரு ஹாஷ் போட்டு
அதை ஊமையாக்கினேன்.
காலையில் மேலாளர் ரைமண்ட்ஸ் கேட்டால்
இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்பேன்.
பொய்யில்லை.
ஒவ்வொன்றையும் இனித்
திறந்து பார்க்கத்தான் வேண்டும்.